செய்யாத ஆப்ஸை எழுதிவிட்டேன், என் நர்ஸ் பதிவு எண் (பின்) போய்விடுமா?

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலிப் பக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. மெடிக்கல் வார்டு, பேண்ட் 5 (ஸ்டாஃப் நர்ஸ் நிலை). ஒரு நைட் டியூட்டியில் 28 நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டே நர்ஸ்கள். என் பக்கத்தில் ஒரு தாத்தா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். அந்த அலைச்சலில் ஆறாம் பெட்காரருக்கு 2 மணி ஆப்ஸ் (பிபி, பல்ஸ், மூச்சு, டெம்பரேச்சர் மாதிரி அளவுகள்) பார்க்கவில்லை. காலை 6 மணிக்குப் பார்த்தால் நியூஸ் ஸ்கோர் (அந்த அளவுகளிலிருந்து கணக்கிடும் ஆபத்து மதிப்பெண்) 7. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன், ஹெச்டியூவுக்குப் (தீவிரக் கண்காணிப்பு வார்டு) போய் நாலு நாளில் தேறிவிட்டார். ஆனால் பயத்தில் 6.40-க்கு உட்கார்ந்து, இரவு 10 மணி அளவுகளையே கொஞ்சம் மாற்றி, 2 மணிக்குப் பார்த்ததாகப் போட்டுவிட்டேன். வார்டு மேனேஜர் கேட்டபோது, "பார்த்தேன், பேப்பரில் குறித்து வைத்திருந்தேன்" என்றும் சொல்லிவிட்டேன். இப்போது மருத்துவமனையை நடத்தும் டிரஸ்ட்டில் விசாரணை. நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான என்எம்சிக்கும் ரெஃபர் செய்துவிட்டார்கள், இன்டெரிம் ஆர்டர் (இடைக்கால உத்தரவு) ஹியரிங் என்று கடிதம் வந்திருக்கிறது. பேப்பர் கதையிலேயே உறுதியாக நில் என்கிறாள் தோழி. வேலையை விட்டுவிட்டு அயர்லாந்துக்கு அப்ளை பண்ணு என்கிறார் இன்னொரு அண்ணன். உண்மையைச் சொன்னால் அந்த அமெரிக்க நர்ஸ் மாதிரி ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமோ என்று தூக்கமே வரவில்லை. என் பின் போய்விடுமா? நடந்ததை நானே அலசி எழுதி வைத்திருக்கும் ரிஃப்ளெக்ஷனையும் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பதில்: தங்கச்சி, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் யூனியனுக்குப் போன் பண்ணுங்கள். ஆர்சிஎன்னோ யூனிசனோ, எதில் சேர்ந்திருந்தாலும் சரி, சம்பவம் நடந்த அன்று நீங்கள் உறுப்பினராக இருந்திருந்தால் ஆள் அனுப்புவார்கள், பிறகு சேர்ந்தால் பழைய விஷயத்துக்குப் பெரும்பாலும் வர மாட்டார்கள். இன்டெரிம் ஆர்டர் ஹியரிங்குக்குக் கொடுக்கும் அவகாசம் மிகவும் குறைவு, நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிய நேரத்திலேயே அதில் ஒன்றிரண்டு நாள் போயிருக்கும். பேசிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரி. நான் வக்கீல் இல்லை. இந்த ஊரில் வார்டு சிஸ்டராக இருந்து, யூனியன் பிரதிநிதியாக எத்தனையோ நர்ஸ்களுடன் விசாரணை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு தப்புகள் இருக்கின்றன, அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பயப்படுகிறீர்கள். 2 மணி ஆப்ஸ் பார்க்காமல் விட்டது ஒன்று. அதற்காக மட்டும் ஒருவருடைய பின்னைப் பிடுங்குவது அரிது. 28 பேருக்கு இரண்டு நர்ஸ், நடுவில் ஒருவர் விழுந்திருக்கிறார் என்றால் என்ன நடக்கும் என்பது நைட் டியூட்டி பார்த்த யாருக்கும் தெரியும், அந்தச் சூழ்நிலையையும் கணக்கில் எடுக்கிறோம் என்று என்எம்சியே எழுதி வைத்திருக்கிறது. 6.40-க்கு எழுதியது இரண்டாவது. மேனேஜரிடம் சொன்ன பேப்பர் கதை அதன் வால். உங்களை என்எம்சி வரை கொண்டுபோனது இந்த இரண்டாவதுதான்.

அந்த 6.40-ல் கொஞ்ச நேரம் நிற்போம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன எழுதியிருக்க வேண்டும்? "2 மணி ஆப்ஸ் பார்க்கப்படவில்லை. இன்னொரு நோயாளி விழுந்ததைக் கவனித்துக்கொண்டிருந்தேன். 6 மணிக்குப் பார்த்தேன், ஸ்கோர் 7, டாக்டருக்கும் அவுட்ரீச் குழுவுக்கும் தகவல் சொன்னேன். இதை எழுதும் நேரம் 6.40." நாலு வரி. அப்புறம் ஒரு டேட்டிக்ஸ், அதாவது சம்பவத்தைப் பதியும் படிவம். தாமதமாக எழுதுவதை என்எம்சியின் கோட் (நடத்தை விதிகள்) தடுக்கவே இல்லை, தாமதமாக எழுதினேன் என்பதையும் சேர்த்து எழுது என்றுதான் 10-ஆம் பிரிவில் சொல்கிறது. அதே பிரிவில், பொய் கலக்காமல் எழுது என்றும் இருக்கிறது. நீங்கள் அந்த நாலு வரியை எழுதியிருந்தால் மேனேஜர் திட்டியிருப்பார், ஒரு மீட்டிங் நடந்திருக்கும், அந்த இரவு ஏன் இரண்டே பேர் இருந்தார்கள் என்று கேட்கும் உரிமையும் உங்கள் கையில் இருந்திருக்கும். மாற்றிப் போட்ட எண்களால் அந்த உரிமையைத்தான் முதலில் இழந்தீர்கள்.

எனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும், அதனால் கோபம் வரவில்லை, வருத்தம்தான். நம் ஊரில் ஸ்டூடண்டாக இருந்தபோது டிபிஆர் சார்ட் எப்படி நிரம்பியது என்று ஞாபகம் இருக்கிறதா? டெம்பரேச்சரும் பல்ஸும் பாதிப் பேருக்காவது பார்ப்போம். மூச்சை யார் ஒரு நிமிஷம் நின்று எண்ணினார்கள்? 18, 20, 18, 20 என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவோம், ரவுண்ட்ஸ் வருவதற்குள் சார்ட்டில் கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அதுதான் சட்டம். காலிக் கட்டத்துக்குத் திட்டு விழும், பொய்க் கட்டத்துக்கு ஒன்றும் விழாது. நாலு வருஷம் படிப்பு, நாலு வருஷம் வேலை என்று இப்படிப் பழகிய கை, பயம் வந்ததும் தானாகக் கட்டத்தை நிரப்பியிருக்கிறது. இங்கே அந்தக் கட்டம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. நீங்கள் போட்ட 2 மணியும் அதற்குள் இருக்கும், நீங்கள் உண்மையில் விசையைத் தட்டிய 6.40-ம் உங்கள் லாகினோடு இருக்கும். உங்கள் தோழிக்கு இதை யாராவது சொல்லுங்கள்.

ஆனால் "எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான்" என்பதை ஹியரிங்கில் ஒரு பதிலாக வைக்காதீர்கள். நேர்மையின்மை என்றால் என்ன என்பதற்கு இங்கே நர்ஸ்களின் ஹியரிங்கிலும் பயன்படுத்துகிற அளவுகோல் ஒரு சூதாட்ட வழக்கிலிருந்து வந்தது, வேடிக்கைதான். சீட்டின் பின்பக்க வடிவத்தில் இருந்த நுணுக்கமான வித்தியாசத்தைப் பார்த்து லட்சக்கணக்கான பவுண்டு ஜெயித்த ஃபில் ஐவி என்ற ஆட்டக்காரருக்கும் ஒரு கேசினோவுக்கும் நடந்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. முதலில் அந்த ஆளுக்கு உண்மையில் என்ன தெரிந்திருந்தது, என்ன நம்பினார் என்று பார். பிறகு, சாதாரண நாணயமான மனிதர்கள் அதை நேர்மை என்பார்களா என்று பார். தான் செய்தது நேர்மையற்றது என்று அவருக்கே தோன்றியதா என்பது தேவையில்லை. ஐவி தான் செய்தது திறமை என்றே நம்பினார், பலிக்கவில்லை. 2 மணிக்குப் பார்க்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும், பார்த்ததாக எழுதினீர்கள், அதற்கு மேல் இந்த அளவுகோலில் ஆராய ஒன்றும் இல்லை.

இப்போது உங்களுக்கு முன்னால் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன். இன்டெரிம் ஆர்டர் ஹியரிங்கில் நீங்கள் தப்பு செய்தீர்களா என்று யாரும் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. விசாரணை முடியும்வரை இவரைக் கட்டுப்பாடு இல்லாமல் வேலை பார்க்க விடலாமா, மக்களுக்கு ஆபத்து உண்டா என்பது மட்டும்தான் கேள்வி. ஆர்டர் வேண்டாம் என்றும் சொல்லலாம், சில நிபந்தனைகளோடு வேலை பார் என்றும் சொல்லலாம், இடைக்கால சஸ்பென்ஷனும் போடலாம். அதிகபட்சம் 18 மாதம், நடுவில் மறுபரிசீலனை உண்டு, அதற்கு மேல் நீட்ட வேண்டுமானால் என்எம்சி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைக்காதீர்கள், நீங்கள் இல்லாமலே நடத்துவார்கள்.

அதற்குப் பிறகு விசாரணை, பிறகு கேஸ் எக்ஸாமினர்கள் என்று இரண்டு பேர், ஒருவர் நர்ஸ் அல்லது மிட்வைஃப், இன்னொருவர் இந்தத் தொழிலுக்கு வெளியே உள்ளவர். வருகிற புகார்களில் பெரும்பாலானவை ஆரம்பக் கட்டத்திலேயே மூடப்படுகின்றன, உங்களுடையதும் அப்படி மூடப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம். கேஸ் எக்ஸாமினர்கள் மேலே அனுப்பினால் மூன்று பேர் பேனல். நடந்தது என்ன, அதனால் இன்றைக்கு உங்கள் தகுதி குறைபட்டிருக்கிறதா, அப்படியானால் என்ன தண்டனை, இந்த வரிசையில் பார்ப்பார்கள். "இன்றைக்கு" என்ற சொல்லை மனதில் வையுங்கள், அதுதான் உங்கள் வாய்ப்பு. 2011-ல் கிராண்ட் என்ற மிட்வைஃப் சம்பந்தமான வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நாலு கேள்விகளைப் பேனல்கள் இன்றும் கேட்கின்றன: நோயாளியை ஆபத்தில் விட்டாரா, தொழிலின் பெயரைக் கெடுத்தாரா, தொழிலின் அடிப்படையை மீறினாரா, நேர்மை தவறினாரா. ஒவ்வொன்றும் நடந்ததா, இனியும் நடக்கக்கூடுமா என்று சேர்த்தே கேட்பார்கள். நாலாவதில் மாட்டியவர்களுக்குத்தான் சிரமம் அதிகம், ஏனென்றால் மருந்துக் கணக்கு வராதவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம், பொய் சொன்னவரை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது?

தண்டனைகள் இவை. ஒன்றும் இல்லாமல் முடிக்கலாம். காஷன் ஆர்டர், அதாவது எச்சரிக்கை, ஒரு வருஷத்திலிருந்து 5 வருஷம் வரை. வேலை பார்க்கலாம், ஆனால் பெயரோடு பதிவேட்டில் தெரியும். நிபந்தனைகள், 3 வருஷம் வரை. சஸ்பென்ஷன், ஒரு வருஷம் வரை. கடைசியில் பெயர் நீக்கம், ஸ்ட்ரைக் ஆஃப், அதற்குப் பிறகு 5 வருஷம் கழித்துத்தான் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவே முடியும். உங்களுக்கு எது வரும்? வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரே இரவு, ஒரே பதிவு, நோயாளி மோசமானதைக் கண்டதும் சரியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள், முன்பு எந்தப் புகாரும் இல்லை என்றால், முழுசாக ஒப்புக்கொண்டவர்களில் காஷனோடும் சில மாத சஸ்பென்ஷனோடும் தப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேப்பர் கதையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பின்னை இழந்ததையும் பார்த்திருக்கிறேன். இது கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதும் இல்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும். அங்கே 6.40 என்ற நேரத்தை வைத்துக்கொண்டு உங்கள் பேப்பர் எத்தனை நிமிஷம் தாங்கும்?

அமெரிக்க நர்ஸ் விஷயம். அவர் ஜெயிலுக்குப் போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரடோண்டா வாட், டென்னசி மாநிலம், வாண்டர்பில்ட் மருத்துவமனை, 2017 டிசம்பர். ஸ்கேனுக்குப் போன 75 வயது அம்மாவுக்குப் பதற்றம் குறைய வெர்செட் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மருந்து அலமாரி இயந்திரத்தில் அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார், வரவில்லை, இயந்திரத்தின் தடையைத் தாண்டும் ஓவர்ரைடு போட்டார், அதே எழுத்தில் தொடங்கும் வெக்யூரோனியம் வந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்துகிற மருந்து. மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. வெர்செட் திரவம், இது கரைத்துப் போட வேண்டிய பொடி. எத்தனை இடத்தில் நின்று பார்த்திருக்கலாம்! அந்த அம்மா இறந்துவிட்டார். வாட் தப்பை மறைக்கவில்லை, தெரிந்ததும் ஒப்புக்கொண்டார். மாநில அதிகாரிகள் 2018-ல் நடவடிக்கை தேவையில்லை என்று மூடினார்கள். 2019-ல் கிரிமினல் வழக்கு வந்தது, அதற்குப் பிறகு லைசென்ஸ் விஷயத்தையும் திறந்தார்கள். 2021 ஜூலையில் லைசென்ஸ் ரத்து. 2022 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பு, மே மாதம் ஜெயிலுக்குப் பதிலாக 3 வருஷ ப்ரொபேஷன் (கண்காணிப்பு).

உண்மையைச் சொன்னவருக்கும் லைசென்ஸ் போனது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. உண்மை ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லை. ஆனால் அங்கே ஓர் உயிர் போயிருக்கிறது, சட்டம் வேறு, நாடு வேறு. உங்கள் நோயாளி உயிரோடு வீட்டுக்குப் போனார், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஜெயில் பயத்துக்கு நான் காரணம் காணவில்லை. அதையும் யூனியன் வக்கீல் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள், தூக்கம் வரும்.

அயர்லாந்து அண்ணனுக்கு ஒரு கும்பிடு. அயர்லாந்தோ ஆஸ்திரேலியாவோ, எங்கே அப்ளை பண்ணினாலும் நீங்கள் பதிவு செய்திருக்கும் ஒவ்வொரு கவுன்சிலிடமிருந்தும் சான்று கேட்பார்கள். விசாரணை நடக்கிறது என்று என்எம்சி எழுதி அனுப்பும். விண்ணப்பத்தில் "உங்கள் மேல் ஏதேனும் விசாரணை உண்டா" என்ற கட்டத்தில் இல்லை என்று போட்டால், அது மூன்றாவது பொய், இன்னொரு நாட்டில். வேலையை விடுவதும் வேண்டாம். உங்களுடையது ஸ்பான்சர் விசா என்று நினைக்கிறேன். வேலை போனால் டிரஸ்ட் ஹோம் ஆபிஸுக்குச் (விசா கொடுக்கும் அரசுத் துறை) சொல்லியாக வேண்டும், பிறகு வழக்கமாக 60 நாள் கொடுத்துக் கடிதம் வரும், அதற்குள் வேறு ஸ்பான்சர், அல்லது ஊருக்கு டிக்கெட். டிரஸ்ட்டே நீக்கினால் அது வேறு கதை, நீங்களாகப் போய் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காதீர்கள். விசா விஷயத்துக்கு இமிக்ரேஷன் வக்கீலைத் தனியாகப் பாருங்கள், யூனியன் ஆளுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஏஜென்சியிலோ, மருத்துவமனைகளின் தற்காலிக ஆள் பட்டியலான பேங்க்கிலோ கூடுதல் ஷிஃப்ட் பார்க்கிறீர்களா? ஆர்டர் ஏதாவது போட்டால் அங்கேயும் சொல்லியாக வேண்டும், கோட் அப்படித்தான் சொல்கிறது. இதை மறந்து மாட்டியவர்கள் நிறைய.

டிரஸ்ட் மீட்டிங்குக்குத் தனியாகப் போகாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை ஹியரிங்குக்கு யூனியன் ஆளையோ உடன் வேலை பார்ப்பவரையோ கூட்டிப் போகச் சட்டப்படி உரிமை உண்டு. அந்த இரவின் ரோட்டா (டியூட்டிப் பட்டியல்), தாத்தா விழுந்ததற்கு டேட்டிக்ஸ் போட்ட நேரம், ஆள் குறைவு என்று யாருக்காவது மெயில் அனுப்பியிருந்தால் அது, எல்லாவற்றையும் முறையாகக் கேட்டு வாங்குங்கள். நீங்களே லாகின் செய்து ஆறாம் பெட்காரரின் ஃபைலைத் திறந்து பார்க்காதீர்கள், அது தனிப் புகாராக வரும். அன்றிரவு கூட இருந்த ஹெல்த்கேர் அசிஸ்டெண்டுக்கு வாட்ஸ்அப்பில் "நீ பார்த்தாய்தானே" என்று கேட்கவே கேட்காதீர்கள்.

இனப் பாகுபாடு பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், வெள்ளைக்கார நர்ஸ் என்றால் ரெஃபர் செய்திருப்பார்களா என்று. உங்கள் வார்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வேலை கொடுப்பவர்கள் கறுப்பின நர்ஸ்களையும் ஆண்களையும் அவர்களின் விகிதத்தைவிட அதிகமாக ரெஃபர் செய்கிறார்கள் என்று என்எம்சியின் ஆய்வே சொன்னது. என்எம்சியின் உள்ளே இருக்கும் நிலவரம் எவ்வளவு மோசம், வழக்குகள் எவ்வளவு தேங்கிக் கிடக்கின்றன என்று 2024-ல் நசீர் அஃப்சல் தலைமையில் வந்த அறிக்கை பிளந்து வைத்தது. அந்தக் கேள்வியை யூனியன் மூலமாகக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதை முதல் பக்கத்தில் வைக்காதீர்கள், 6.40-க்கு அது பதில் ஆகாது. தேக்கத்தின் விளைவையும் தெரிந்துகொள்ளுங்கள்: இது இந்த வருஷத்திலேயே முடியும் என்று நம்பி ஊரில் வீட்டுக் கடன் எதுவும் வாங்க வேண்டாம்.

எனக்கும் ஓர் இரவு இருக்கிறது. இங்கே வந்த இரண்டாம் வருஷம், பக்கத்து பெட்காரரின் இன்சுலினை இன்னொருவருக்குப் போட்டுவிட்டேன். சிரிஞ்சைக் கீழே வைத்த நொடியில் தெரிந்துவிட்டது, வயிற்றில் கல் விழுந்த மாதிரி. அந்த ரூமில் யாரும் இல்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம், அந்த யோசனை எனக்கும் வந்தது, ஒரு நிமிஷம் இருந்தது. நான் ஒன்றும் உங்களைவிட நல்லவள் இல்லை, சார்ஜ் நர்ஸ் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார், என் முகத்தைப் பார்த்து "என்ன" என்றார், சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை சுகர் பார்த்தோம். விடிந்ததும் அந்த நோயாளியிடம் நானே போய்ச் சொன்னேன், அவர் "அதுதான் இத்தனை ஜூஸா" என்று சிரித்தார். ஆறு வாரம் இன்னொருவர் பக்கத்தில் நின்றால்தான் மருந்து கொடுக்கலாம் என்றார்கள், அவமானமாக இருந்தது, அதோடு முடிந்தது. கதவு திறக்காமல் இருந்திருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று இன்றுவரை தெரியாது.

பேப்பர் கதையை மாற்றிச் சொல்வது எப்படி என்றுதான் இப்போது யோசிப்பீர்கள். மேனேஜரைத் தனியாகப் பிடித்து அழுதுகொண்டே சொல்ல வேண்டாம். யூனியன் ஆளிடம் எல்லாவற்றையும், என்னிடம் எழுதியதைவிட விவரமாகச் சொல்லுங்கள், எந்த நாள், எந்தக் கடிதத்தில், எந்த வார்த்தையில் என்று அவர் சொல்லுவார். சீக்கிரம் சொன்னதா, மாட்டிக்கொண்ட பிறகு சொன்னதா என்பதைப் பேனல் கட்டாயம் பார்க்கும்.

வீட்டில் சொல்லுங்கள். இந்த ஹியரிங்குகளின் முடிவுகள் பெயரோடு வெளியாகும், ஊரில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்து அம்மா தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது நல்லது. மனசு ரொம்பத் தாழ்ந்து, இருக்கவே வேண்டாம் என்கிற மாதிரி நினைப்பு வந்தால் அன்றைக்கே ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) போங்கள், அல்லது 116 123-க்குப் போன் பண்ணுங்கள், சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பு, இலவசம், ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.

கடைசியாக நீங்கள் அனுப்பிய ரிஃப்ளெக்ஷன். இரண்டு பக்கம், நல்ல இங்கிலீஷ். பயந்தேன், அழுதேன், ஏழு வருஷம் உழைத்தேன், என் குடும்பம் என்னை நம்பியிருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஆறாம் பெட்காரர் ஒரே ஒரு வரியில் வருகிறார், "தேறிவிட்டார்" என்று. பேனலில் உட்காரும் மூன்று பேரும் முதலில் தேடப் போவது அவரைத்தான். 10 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் எட்டு மணி நேரம் அவருக்கு மூச்சு எப்படி இருந்திருக்கும், பெல் அடித்தாரா, நீங்கள் போட்ட அந்த 2 மணி எண்ணை நம்பி டாக்டர் "ராத்திரி இரண்டு மணிவரை நன்றாகத்தான் இருந்தார்" என்று எடுத்துக்கொண்டு ஏதாவது முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அவர் வீட்டில் அந்தச் சார்ட்டைக் காட்டி யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள். அங்கிருந்து தொடங்கி மறுபடி எழுதுங்கள். ஏஐயிடம் கொடுத்து அழகுபடுத்த வேண்டாம், உங்கள் இங்கிலீஷே போதும். எழுதியதை எனக்கு அனுப்பாதீர்கள், முதலில் யூனியன் ஆளிடம் காட்டுங்கள்.